மேல் பார்த்த செதில்கள்

அண்ணி,

சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன். கை வாயருகே வந்ததும் வயிறு திரும்பிக்கொண்டது. சோப்பு போட்டாயிற்று, சிகைக்காய் தேய்த்தாயிற்று, பட்டறையில் கிரீஸ் போக்கும் பவுடரையும் போட்டுப் பார்த்தாயிற்று. விரல் இடுக்கில் உங்கள் கொடுவா மீன் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சோற்றை மூடி வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நேரில் உங்களை 'நீ' என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' வருகிறது. பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டவனுக்குத் தமிழ் வாத்தியாரிடம் வாங்கிய மரியாதை மட்டும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் உங்கள் பாட்டில்தான். ஊறுகாய் தீர்ந்ததும் அதைக் கழுவி, கொடுவாச் செதில்களை உப்பும் சோப்புத் தண்ணீருமாக ஊறப் போட்டு, "நான் சொல்றவரிக்கும் யாரும் தொடக்கூடாது" என்று அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினீர்கள். சொல்வதற்கு நீங்கள் திரும்பி வரவில்லை. நாங்களும் தொடவில்லை. ஒரு கோடை முழுக்க அது நம் தகரக் கூரைக்கு அடியில் தானாக வெந்திருக்கிறது. போன வாரம் அதைத் திறந்தேன். மூடியை அரைச் சுற்றுத் திருப்பியதற்கே தெருவுக்கு ஓடினேன். அதை நாற்றம் என்று சொன்னால்கூட அது கௌரவம். மூக்குக்குள் யாரோ ஈரச் சாக்கைத் திணித்துத் திருகியது போல இருந்தது.

சாக்கடை ஓரம் குனிந்து நின்றபோது எதிர்வீட்டு ஆயா கேட்டது: "இன்னா நைனா, காலங்காத்தாலயே ஊத்திக்கினியா?"

"இல்ல ஆயா. கவசம் செய்யறேன்."

ஆயா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

வாந்தியில் எனக்கு உள்ள அனுபவம் உங்களுக்குத் தெரியாததா? திருவொற்றியூர்ப் பட்டறையில் எனக்கு வேலையே, குளிர்ப்பெட்டி வைத்த கன்டெய்னர்களைச் சரி பண்ணுவது. நடுவழியில் குளிர் நின்று, உள்ளே இருந்த இறால் வெயிலில் கூழாகி, துறைமுகத்திலிருந்து எங்களிடம் வந்து சேரும். சூப்பர்வைசர் கதவைத் திறந்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டு, "போப்பா, உள்ள எங்க தகடு பிஞ்சிருக்குன்னு பாரு" என்பார். உள்ளே போய் வேலை பார்த்ததைவிட வெளியே வந்து ஓக்காளித்ததுதான் என் சர்வீஸில் அதிகம். நீங்களோ காசிமேட்டில் நாள் முழுக்க மீன் வெட்டிக் கழுவித் தருகிறவர். ஆனால் மீனை வாயில் வைக்க மாட்டீர்கள். ஊருக்கெல்லாம் வஞ்சிரம் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் சாதம். "பகலெல்லாம் அத்து மூஞ்சியப் பாத்துக்கினு கீறேன். சோத்துத் தட்டுலயும் வந்து என்ன மொறைக்கணுமா?" என்பீர்கள். மீன்காரக் குடும்பத்தில் மீன் பிடிக்காத இரண்டு பேர். அண்ணன் இருந்தவரை நம் இரண்டு பேரையும் கிண்டல் பண்ணித்தான் சாப்பாடே இறங்கும் அவருக்கு. அண்ணன் போன பிறகும் அடுத்த அறையிலேயே நீங்கள் இருந்தீர்கள். கிண்டலையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

பொம்மைக்குக் கவசம் செய்கிற இந்த வேலை வினோவால் வந்தது. காலேஜில் சேர்ந்த புதிதில் என் மகள் போனில் ஆர்டர் போட்டு ஒரு பிளாஸ்டிக் வீரனை வரவழைத்தாள். ஒரு சாண் உயரம், கை கால் மூட்டெல்லாம் மடங்கும், உடம்பில் ஒரு துணி கிடையாது. எந்த நாட்டிலும் இல்லாத ராஜா, எந்தக் காலத்திலும் நடக்காத யுத்தம்; அவரவர் கற்பனைக்கு உடையும் கவசமும் செய்து போட்டுப் படம் எடுத்துக் காட்டுகிற கூட்டம் ஒன்று உலகமெங்கும் இருக்கிறதாம். அந்தப் படங்களைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. நாற்பதடிப் பெட்டிக்குத் தகடு அடிக்கிறவனுக்கு ஒரு சாண் பயலுக்கு அடிக்கத் தெரியாதா என்று கூல்டிரிங்ஸ் டப்பாவை வெட்டி மார்புக்கவசம் செய்தேன். நீங்கள் வந்து பார்த்தீர்கள்.

"இன்னா தம்பி இவன், தண்ணிக் கொடத்துல மாட்டிக்கினவன் மாறிக் கீறான்?"

அவமானம்தான். ஆனால் நீங்கள் சொன்னது சரி. அதற்குப் பிறகு தகட்டை மரப்பலகையில் வைத்து ஸ்பூனின் முதுகால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக் குழித்தேன். குண்டூசியின் தலையை வெட்டி ஆணியாக வைத்தேன். சைக்கிள் ட்யூபில் இடுப்பு வார். ஆள் கொஞ்சம் ஆள் மாதிரி ஆனான். செதில் சட்டைதான் வரவில்லை. சின்னச் சின்னத் தகடாக வெட்டிக் கோர்த்தால், போர்க்களத்துக்குப் போகாமலேயே என் விரல்களில் ரத்தம்.

ஒரு சாயங்காலம் நீங்கள் மார்க்கெட்டிலிருந்து வந்து குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தீர்கள். முழங்கையில் ஒட்டியிருந்த ஒரு செதிலை நகத்தால் பெயர்த்து, சுண்டிவிடப் போனவர், நிறுத்தி, திண்டாடிக்கொண்டிருந்த என்னிடம் வந்து பொம்மையின் தோளில் வைத்தீர்கள்.

"இத்த வச்சிப் பாரேன்."

வைத்துப் பார்த்தோம். பொருந்தியது. ஓரம் சீவிவிட்டது போல, நடுவில் வரி வரியாக, வெளிச்சம் பட்டால் ஒரு மினுக்கு. எனக்கு உடனே குமட்டியது. உங்களுக்குச் சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து நம் வீட்டில் மனிதர் குடியிருக்கிற லட்சணம் போயிற்று. சட்டியில் செதில், முறத்தில் செதில், வினோவின் கைடு புத்தகங்களுக்கு நடுவே சுருளாமல் இருக்க அழுத்தி வைத்த செதில். அவள் பரீட்சைக்குப் படிக்கப் பக்கம் திருப்பினால் மீன் வாடை. பெரிசு கொடுவா, நடுத்தரம் சங்கரா, கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் மடவை. டீ டிக்காஷனில் ஊறினால் பழுப்பு, மஞ்சளில் ஊறினால் தங்கம், மேலே ஒரு கை நகப்பூச்சு. பழைய குடைத்துணியை உடம்பளவுக்குத் தைத்து அதன்மேல் வரிசை வரிசையாக ஒட்டினோம். சரியாகக் காயாத செதிலை அவசரப்பட்டு ஒட்டி, ஒரு தளபதியின் அக்குளில் புழு வைத்ததும் உண்டு. அந்தத் தளபதியை இடுக்கியால் தூக்கிக்கொண்டு நான் ஓடியதையும், பின்னாலேயே நீங்கள் "வீரமரணம், வீரமரணம்" என்று கைதட்டிக்கொண்டு வந்ததையும் தெருவே பார்த்தது.

ஒரு பெண் பொம்மைக்கு முதல் செதில் சட்டை முடிந்த நாளை நான் இன்னும் விரலில் வைத்திருக்கிறேன். நான்தான் ஒட்டினேன். கூரைக்குத் தகடு வேய்கிற மாதிரி, அடியில் தொடங்கி, மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் படியும்படி. மழை பெய்தால் தண்ணீர் வழுக்கிப் போகும் அல்லவா, அந்தக் கணக்கு. மீன் உடம்பிலும் அப்படித்தானே இருக்கிறது. நீங்கள் வாங்கிப் பார்த்தீர்கள். கட்டைவிரல் நகத்தை முழங்காலில் வைத்து மேலே கழுத்துவரை ஒரே இழுப்பு. என் ஒரு வார வேலை பொலபொலவென்று உங்கள் மடியில் கொட்டியது.

"இன்னா அண்ணி இப்டிப் பண்ட்ட?"

"நான் வாலுலேர்ந்துதான் சொரண்டுவேன். கத்தி வுயிந்தா தலவரிக்கும் ஒரே இஸ்ப்பு. இவ இன்னா வீரி? எங்கையில ரெண்டு நிமிசம் தாங்கல."

பிறகு நீங்களே உட்கார்ந்து மாற்றி ஒட்டினீர்கள். கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கினீர்கள். ஒவ்வொரு செதிலின் விளிம்பும் வானத்தைப் பார்த்தது. மீனுக்கு நேர் எதிர். முடித்துவிட்டு, "இப்ப இழு" என்று நீட்டினீர்கள். முழங்காலிலிருந்து இழுத்தேன். நகம் எங்கும் மாட்டவில்லை. எண்ணெய் தடவிய கண்ணாடிமேல் போவது போலப் போயிற்று. நீங்கள் பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னிடமா அதனிடமா என்று தெரியாமல் சொன்னீர்கள்: "பொயுதன்னிக்கும் உரிச்சினே கீறேன். ஒருத்திக்காவது போட்டு வுடறேனே."

அதற்கப்புறம் நம் வீட்டில் செய்த எல்லாருக்கும் செதில் மேல் பார்த்துத்தான். வினோ படம் எடுத்துப் போட்டால், விஷயம் தெரிந்தவர்கள் அதன் கீழே "கவசத்தில் செதில் இப்படி வராது, தலைகீழாக இருக்கிறது" என்று பாடம் எடுப்பார்கள். அவள் படித்துக் காட்டுவாள். "அவுங்கள காசிமேட்டுக்கு வரச் சொல்லு பாப்பா" என்பீர்கள். அத்தோடு சரி.

ஆற்றில் எண்ணெய் மிதந்த மழைக்காலம் நினைவிருக்கிறதா? எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரத்தில் வலை போட்டால் வலையே தார் பூசிக்கொண்டு வந்தது. மடவைமீனின் செதிலெல்லாம் அடியில் கறுப்பு. எத்தனை சோப்பு போட்டும் வரி வரியாகக் கறுப்பு போகவில்லை. வாங்க ஆளில்லாமல் கிடந்த மீனிலிருந்து நீங்கள் செதிலை மட்டும் எடுத்துவந்தீர்கள். மண்ணெண்ணெயும் மீனும் சேர்ந்த அந்த வாடையில் என் மனைவி என்னையும் உங்களையும் வாசலுக்கு வெளியே உட்கார வைத்துச் சோறு போட்டாள். அந்தச் செதிலில் செய்த அரக்கனைத்தான் பார்த்தவர்கள் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதைப் பார்த்துத்தான் அந்த ஆளும் நம் வீட்டைத் தேடி வந்தார்.

பொம்மைகளைக் கண்ணாடி அலமாரியில் சேர்த்து வைக்கிறவர், பெரிய மால்களில் கண்காட்சி நடத்துகிறவர் என்று வினோ சொன்னாள். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். சந்தின் முனையிலேயே கைக்குட்டை மூக்குக்கு ஏறிவிட்டது, கிளம்பும்வரை இறங்கவில்லை. கைக்குட்டைக்குள்ளிருந்தே பாராட்டினார்.

"மேடம், இந்தக் கறுப்பு எப்படிக் கொண்டுவந்தீங்க? என்ன பெயின்ட்?"

"பெயின்ட்டு இன்னாத்துக்கு சார்? ஆத்துல மீனே அப்டித்தான் வருது."

"அற்புதம். பழசான எஃபெக்ட் எவ்ளோ நேச்சுரலா இருக்கு."

"அத்தத்தான் சார் ஜனங்க வாங்கித் துன்னுது."

அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. செதில் தலைகீழாக இருப்பதையும் அவர் விடவில்லை. "அடுத்த தடவை கரெக்ட் பண்ணிடுங்க மேடம்" என்றார். நீங்கள் போட்ட டீயை வாங்கி, கைக்குட்டைக்குக் கொஞ்சம் கீழே கொண்டுபோய், மறுபடியும் இறக்கி, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அந்த டம்ளரை எடுத்து நீங்கள் முகர்ந்து பார்த்தீர்கள். பிறகு உங்கள் இரண்டு உள்ளங்கையையும்.

"நாறுதா தம்பி?"

"இல்லண்ணி."

எதற்கெடுத்தாலும் ஓக்காளிக்கிற என் மூக்கைத்தான் நீங்கள் நம்பினீர்கள். "நீ சொன்னா சரிதான்" என்று டீயைச் சாக்கடையில் ஊற்றினீர்கள். நான் சொன்னது பொய்யில்லை. இறால் கூழுக்கும் எலி செத்த பெட்டிக்கும் திரும்புகிற வயிறு, உங்கள் கைக்கு ஒருநாளும் திரும்பியதில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது. எனக்கு அன்று குமட்டியது அந்தக் கைக்குட்டையைப் பார்த்துத்தான். மடிப்பு கலையாத கைக்குட்டை. அதற்குப் பின்னால் இருந்து வந்த 'அற்புதம்'.

அதன்பிறகுதான் ராணியை ஆரம்பித்தீர்கள். வினோ வாங்கித் தந்த இன்னொரு பெண் பொம்மை. நான் தோள்பட்டைக்குத் தகடு அடித்துத் தந்தேன். நீங்கள் கழுத்தில் தொடங்கி, மார்பு தாண்டி, இடுப்புவரை செதில் ஒட்டிக்கொண்டு வந்தீர்கள். இடுப்புக்குக் கீழே முழங்கால்வரை வெறும் குடைத்துணி. அதற்கு வேண்டிய பெரிய செதில்களைத்தான் பாட்டிலில் ஊறப் போட்டீர்கள். அடுத்து வந்த காய்ச்சலைச் சாதாரணச் சளி என்றீர்கள். மூச்சு வாங்கியபோது ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கேயும் படுத்தபடி என் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு செதிலைக் காட்டி, "தட்டி வுடு, டாக்டரு பாத்தா வெளிய தள்ளிடுவாரு" என்றீர்கள். நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பெரியவர்கள் சாகும்போது பெரிதாக ஏதாவது சொல்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

உங்களைக் குளிப்பாட்டும்போது நான் உள்ளே இல்லை. என் மனைவி பிறகு சொன்னாள். உறவுக்காரப் பெண் ஒருத்தி, பேர் வேண்டாம், "இன்னும் கொஞ்சம் சோப்பு போடுங்கடி, கவிச்சி போவல" என்றாளாம். "போவாது. அது அவங்க கை" என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். காதோரம் முடியில் ஒரு செதில் இருந்ததாம். ஊற்றிய தண்ணீரோடு சாக்கடையில் போயிற்றாம். நானாக இருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்தியிருப்பேன், பத்திரப்படுத்திவிட்டு வாந்தியும் எடுத்திருப்பேன். மூலக்கொத்தளம் மயானத்தில் எல்லாம் முடித்துவிட்டு வந்து பார்த்தால் ராணி பாதி உடம்போடு அலமாரியில் நின்றாள். அவளையும் நான் தொடவில்லை.

போன வாரத்துக்கு முந்தின வாரம் அந்த ஆள் மறுபடியும் வந்தார். வினோதான் நீங்கள் இறந்ததை எழுதி, நீங்கள் மீன் வெட்டும் படத்தையும் ராணியின் படத்தையும் போட்டிருந்தாள். கைக்குட்டை அதேதானா, புதிதா என்று தெரியவில்லை. ராணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதை இப்படியே குடுங்க. ஒண்ணும் பண்ணிடாதீங்க."

"இது முடியல சார்" என்றேன்.

"அதான் சார் விஷயமே. பாதியில நின்ன வேலை. அவங்க மீன் வெட்டற போட்டோ ஒண்ணு போட்டிருந்தீங்களே, மூஞ்சிலல்லாம் செதில் தெறிச்சி, அதைச் சுவர் சைஸுக்கு அடிச்சி, முன்னாடி இதை வைப்போம். பாக்கறவங்க அழுதுடுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "அந்தக் கத்தி இருக்கா? இருந்தா கழுவிடாதீங்க. அப்படியே வேணும்."

கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் கத்தி, கழுவாமல். கண்ணாடிக்கு வெளியே நின்றால் வாடை வராது, தைரியமாக அழலாம். எனக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்.

வினோவுக்கு அது தப்பாகப் படவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. "அப்பா, பெரியம்மா பேரு நாலு பேருக்குத் தெரியும்ல? மார்க்கெட்டுல அவங்கள யாராவது பேரு சொல்லிக் கூப்ட்டாங்களா? 'ஏ மீனு'ன்னுதான கூப்ட்டாங்க" என்று அழுதாள். எனக்குள் இருந்தது அருவருப்பு மட்டும்தான். அருவருப்பை வைத்துக்கொண்டு படித்த பெண்ணிடம் என்ன வாதம் பண்ணுவது?

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து காசிமேட்டுப் பக்கம் போனேன். உங்கள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து கொடுவா சுரண்டிக்கொண்டிருந்தாள். வாலிலிருந்து கத்தி ஏறியது. வாலும் வயிறும் வெளுத்து வழவழவென்று, அதற்கு மேலே மட்டும் செதில் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியது.

"யம்மா, நிறுத்து. அத்தோட போதும். அப்டியே குடு."

"பாதியிலயா? இன்னா மாமு, மறை கயண்டுக்கிச்சா?"

"எம்பொண்ணு கிட்டக் காட்டணும்."

"பொண்ணு பாக்கறத்துக்கா மீனு? வாங்கினு போய் ஆக்கித் துன்னச் சொல்லு" என்று திட்டிக்கொண்டே பையில் போட்டாள். அந்தப் பையை பஸ்ஸில் வைத்துக்கொண்டு, வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வீடு வந்து சேர்ந்த கதையை நீங்கள் பார்த்திருந்தால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

வாசலில் பேப்பரை விரித்து மீனை வைத்தேன். பக்கத்தில் ராணியைப் படுக்க வைத்தேன். வினோவைக் கூப்பிட்டேன். இடுப்புக்கு மேலே செதில், கீழே வெறும் உடம்பு. இதற்கும் அதேதான், அதற்கும் அதேதான். அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவள், கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் துப்பட்டா தானாக இறங்கியது.

"மூடுங்கப்பா" என்றாள். நான் பேப்பரை மடித்து மீனை மூடியதும், "முடிச்சிடலாம்பா. இப்படி நிக்க வேணாம்."

அப்படித்தான் பாட்டில் திறந்தது. கூழாகப் போனதைக் கொட்டினேன். அடியில் தங்கிய கெட்டிச் செதில்களைத் திரும்பத் திரும்பக் கழுவி, நிழலில் காயவைத்து, மறுபடியும் கைடு புத்தகத்தில் வைத்தேன். செதிலுக்கு ஒரு ஓக்காளம் என்ற கணக்கில் வேலை நடந்தது. ஒட்ட உட்கார்ந்ததும் புத்தி பட்டறைக்குப் போய்விட்டது, அண்ணி. பழக்கம் விடவில்லை. முழங்காலில் தொடங்கி, தகடு வேய்கிற மாதிரி, கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போனேன். இடுப்பில் உங்கள் வரிசையைத் தொட்டபோதுதான் தெரிந்தது: உங்கள் செதிலெல்லாம் மேலே பார்க்கிறது, என்னுடையதெல்லாம் கீழே பார்க்கிறது. நகத்தை வைத்து இழுத்தேன். முதல் வரிசையிலேயே மாட்டி, இரண்டு செதில் பெயர்ந்து வந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும். அதை இங்கே எழுத முடியாது.

என்னுடையது அத்தனையும் நானே சுரண்டி எடுத்தேன், வாலிலிருந்து தலைக்கு, உங்கள் முறைப்படி. பிறகு உங்கள் கடைசி வரிசையின் அடியில் பிடித்து, கீழே இறங்கினேன். உங்கள் வரிசை நேர்கோடு. என்னுடையது குடித்தவன் நடை. இடுப்பில் எங்கே உங்கள் கை முடிந்தது, எங்கே என் கை ஆரம்பித்தது என்று கண் உள்ள யாருக்கும் தெரியும். தெரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ராணியைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"ஐயோ, ஃபினிஷ் பண்ணிட்டீங்களா? கெடுத்துட்டீங்களே சார். அந்தப் பாதியிலதான் உயிரே இருந்தது."

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். திறந்தால் வார்த்தை வருமா வேறெது வருமா என்ற பயம்.

"அதுவும் மறுபடியும் தலைகீழாவே ஒட்டியிருக்கீங்க" என்றார்.

வினோ ராணியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "கர்ச்சீப்ப எறக்குங்க சார். நகத்தை முட்டியில வச்சி மேல இழுத்துப் பாருங்க. ஏன் தலைகீழ்னு தெரியும்."

அவர் கையைக்கூட நீட்டவில்லை. "இல்லம்மா, ஸ்மெல் ஜாஸ்தியா இருக்கு. கண்ணாடிக்குள்ள வச்சப்புறம் பாத்துக்கறேன்."

"அது எங்க பெரியம்மா கை சார்" என்றாள் வினோ. ராணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, "டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டாள். உங்கள் குரல் அப்படியே. அவருக்கு வேறு வேலை இருந்தது, போய்விட்டார். கத்தியை என் மனைவி அன்றைக்கே புளி போட்டுத் துலக்கிச் சுவரில் மாட்டிவிட்டாள். பளிச்சென்று இருக்கிறது. இனி யாரும் அதைப் பார்த்து அழ முடியாது.

ராணி இப்போது வாசலைப் பார்த்து நிற்கிறாள். வெயில் ஏறினால் கொஞ்சம் வாடை வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும். பட்டறையில் இப்போது எனக்கு ஒரு புதுக் கிறுக்கு. எந்தத் தகட்டை ஒட்டினாலும் கட்டைவிரல் நகத்தைக் கீழே வைத்து மேலே ஒரு இழுப்பு. "இன்னாப்பா, பெட்டிக்குச் சொறிஞ்சி வுடறியா?" என்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகிறேன். கன்டெய்னருக்குத் தண்ணீர் மேலேயிருந்துதான் வரும், அது எனக்குத் தெரியாதா? நகம் கேட்பதில்லை.

என் மனைவி சோற்றை மறுபடியும் சுடவைத்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் முன்னால் அவளிடம் கையை நீட்டி, நீங்கள் கேட்ட மாதிரியே கேட்டேன், "நாறுதா?" என்று. என்னைப் போல நாசூக்கான மூக்கு இல்லை அவளுக்கு. நன்றாக இழுத்து முகர்ந்தாள்.

"நாறுது" என்றாள். "உங்க அண்ணி மாதிரியே."

ரசம் சாதம்தான், அண்ணி. இந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிடப் போகிறேன். குமட்டாது என்று எழுத ஆசைதான். குமட்டும். சாப்பிடுவேன்.